ஒரு கை போதும் என்கிற கத்தி

செவ்வாய்க்கிழமை காலை தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன பெட்டியை பாகீசியோ மெரேவு முதலில் குலுக்கிப் பார்த்தார். பிறகு முகர்ந்து பார்த்தார். பிறகு நாயிடம் நீட்டினார். நாயும் முகர்ந்துவிட்டு, அபிப்பிராயம் எதுவும் சொல்லாமல் வெயிலில் போய்ப் படுத்துக்கொண்டது.

அனுப்பியவர் பெயர் தெளிவாகவே எழுதியிருந்தது. மகள் பொனாரியா. தெற்கே காலியரி துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கொடுக்கிறவள். அதில்தான் பாகீசியோவுக்குச் சந்தேகமே. அவர் பிறந்தநாள் நவம்பரில். இது மே. ஈஸ்டர் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. காரணமில்லாமல் பரிசு அனுப்பும் மகள் இந்த சார்தீனியத் தீவில் இதுவரை பிறக்கவில்லை. காரணத்தைச் சொல்லாமல் அனுப்பும் மகள்கள் உண்டு.

பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. அதை அறுக்கக் கத்தி வேண்டும். கத்தி சட்டைப்பையிலேயே இருந்தது. செம்மறிக்கடாக் கொம்பில் பிடி போட்ட, இலைபோல் அலகு மெலிந்த, முப்பத்தோரு வருடக் கத்தி. பாகீசியோ அக்கம்பக்கம் பார்த்துவிட்டு டேப்பைப் பல்லால் கிழித்தார்.

விஷயம் இதுதான். பிப்ரவரியில், பனி பெய்த ஒரு காலையில், தூங்கி எழுந்தபோது அவருடைய இடது கைக் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் எழவில்லை. கை அமுக்கிப் படுத்திருப்போம் என்று நினைத்தார். மார்ச் வந்தது. அப்போதும் அதையே நினைத்தார். மே மாதத்தில் அப்படி நினைப்பது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அவர் கத்தியோ பழைய தினுசு. இடது கையில் பிடியை இறுக்கிப் பிடித்து, வலது கட்டைவிரல் நகத்தை அலகின் பள்ளத்தில் கொடுத்து இழுத்தால்தான் திறக்கும். இடது கை இறுக்கவில்லை. மூன்று மாதமாகப் பட்டிக்குப் பின்னால் போய், கத்தியை முழங்கால்களுக்கிடையில் இடுக்கி, ஒதுங்கப் போனவர் மாதிரி உட்கார்ந்துதான் திறந்துகொண்டிருந்தார்.

யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. அவருடையது தொண்ணூறு செம்மறி ஆடு. கையால் கறக்கிற மந்தை. மின்சாரம் கறக்கிற பால் மின்சாரத்துக்கே சொந்தம் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவர் அவர். கை விழுந்தது என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆன்தியோகு என்ற உதாரணம் தினமும் சாராயக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஆன்தியோகுவுக்கு இடுப்பு போனது. "இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும்" என்று பெரியப்பா மகன் வந்து மந்தையை ஓட்டிக்கொண்டு போனான். அந்த ஒரு வருடம் இன்னும் முடியவில்லை. ஆன்தியோகுவின் ஆடுகள் தினமும் கடை வாசல் வழியாகத்தான் மேய்ச்சலுக்குப் போகின்றன. ஒன்றுகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

மார்ச் மாதம் அவர் மனைவி மிந்தோனியாவின் தம்பி கொசிமு வந்து, வேலியில் சாய்ந்துகொண்டு, "மச்சான், பனி அதிகமா இருக்கு. ஒங்க ஆடுகள எங்க பட்டிக்கு ஓட்டிக்கவா?" என்று கேட்டிருந்தான். பனி எல்லாருக்கும்தான் பெய்தது. கொசிமு வேறு யாரிடமும் கேட்கவில்லை.

பெட்டிக்குள் கத்தி இருந்தது.

கறுப்பு. பாகீசியோ கறுப்பான கத்தியைச் செய்தித்தாளில்தான் பார்த்திருக்கிறார், கைது செய்திகளுக்குப் பக்கத்தில். பிடியின் ஒரு பக்கம் தகட்டுக் கிளிப் ஒன்று, பையில் செருகிக்கொள்ள. கத்தி ஓடிப்போகும் என்று செய்தவனுக்கே சந்தேகம் இருந்திருக்கிறது. அலகின் அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு குமிழ். கூடவே பதினொரு மொழிகளில் ஒரு காகிதம். நூறு தலைமுறையாகக் கத்தி வைத்திருக்கிற சார்தீனியர்களின் மொழி அதில் இல்லை.

வலது கையில் எடுத்தார். கனம் போதவில்லை. எண்ணெய் வாடை மட்டும் வந்தது. பாலாடைக்கட்டி, ரொட்டி, ஆடு என்று ஒரு கத்தியிடம் வரவேண்டிய எந்த வாடையும் இல்லை. கட்டைவிரலைக் குமிழில் வைத்துத் தள்ளினார்.

டக்.

அலகு வெளியே வந்து நின்றது. பாகீசியோ ஒரு அடி பின்னால் நகர்ந்தார். கத்தியும் கூடவே வந்தது, கையில் இருந்ததால். இடது கை பையிலேயே இருந்தது. அதை யாரும் கூப்பிடக்கூட இல்லை.

இது பரிசு இல்லை, தகவல் என்று அவருக்கு அந்த நிமிடமே புரிந்துபோனது. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

முன்கையின் முடியில் ஓட்டிப் பார்த்தார். முடி போனது. காய்ந்த ரொட்டியில் வைத்தார். உதிராமல் வெட்டியது. தோல்வாரில் வைத்தார். வார் இரண்டானது, அப்புறம்தான் அது நாயின் வார் என்று ஞாபகம் வந்தது. இவ்வளவு நன்றாக வெட்டுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. புதிதில் எல்லாம் நன்றாகத்தான் வெட்டும். கொசிமுவும் கல்யாண வயதில் நல்ல பையன்தான்.

பிறகு மூடப் பார்த்தார். மூடவில்லை. முழங்காலில் வைத்து அழுத்தினார். கதவில் வைத்து அழுத்தினார். அவருடைய பழைய கத்தி, தலையில் தட்டினால் மூடிக்கொள்ளும். கத்தி என்றால் அப்படித்தான். இது திறந்த வாயை மூடாமல் அரை மணி நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் காகிதத்தின் படத்தில் விடை இருந்தது. பிடிக்குள் ஒரு தகடு அலகைத் தாங்கி நிற்கிறதாம்; கட்டைவிரலை உள்ளே விட்டு அதை ஒதுக்க வேண்டுமாம். அதாவது, வாயை மூடச் சொல்ல அதன் வாய்க்குள்ளேயே விரலை வைக்க வேண்டும். எச்சரிக்கை என்று பதினொரு மொழியிலும் போட்டிருந்தான். அந்த ஒரு விஷயத்தில்தான் கத்தி செய்தவனுக்கும் பாகீசியோவுக்கும் கருத்து ஒற்றுமை.

"யாரு அனுப்புனது?" என்று மிந்தோனியா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ஒம் மக."

"என்னது?"

"கத்தி."

"ஒங்ககிட்டதான் ஒண்ணு இருக்கே."

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"எங்க, தொறந்து காட்டுங்க."

காட்டினார். டக்.

"அட, ஒரு கையிலயே தொறக்குதே! அப்ப இன்னொரு கைக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டு மிந்தோனியா உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள்.

அப்பாவியாகத்தான் கேட்டாள். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் எதையும் அப்பாவியாகக் கேட்டதில்லை என்பதுதான் சிக்கல். மார்ச்சிலிருந்து அதிகாலையில் தூக்கம் வரவில்லை என்று சொல்லி, அவருடன் பட்டிக்கு வந்து பாதி ஆடுகளைக் கறந்துகொண்டிருப்பதும் இவள்தான். தூக்கம் வராதவர்கள் மாத்திரை சாப்பிடுவார்கள். ஆடு கறப்பார்களா?

சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டார்.

"கெடச்சுதாப்பா?"

"கெடச்சுது. எதுக்கு இது?"

"சும்மாதாம்ப்பா."

"சும்மா யாராவது கத்தி அனுப்புவாங்களா?"

"கடையில தள்ளுபடி போட்டிருந்தான். பாத்தேன், ஒங்க ஞாபகம் வந்துச்சு."

"கத்தியப் பாத்தா அப்பன் ஞாபகமா?"

"ஆட்டப் பாத்தாலும் வரும். ஆட்டத் தபால்ல எடுக்க மாட்டாங்களே."

"ஒரு கைக் கத்தி எதுக்குடி எனக்கு? எனக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு."

மறுமுனையில் ஒரு கப்பலின் சங்கு ஊதியது.

"யாருப்பா இல்லைன்னா?"

"யாரும் சொல்லல. நானும் சொல்லல. சொல்ல என்ன இருக்கு?"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது இப்படித்தான் போனிலும் வேலை செய்கிறது. ஆனால் பாகீசியோ பேசி முடித்து வைத்தபோது, மகளை நன்றாக மடக்கிவிட்ட திருப்தியில் இருந்தார்.

சனிக்கிழமை ரோமம் கத்தரிக்கிற நாள். அன்றைக்குத்தான் நிஜமான ஆபத்து. ஊரில் யார் பட்டியில் கத்தரித்தாலும் மற்றவர்கள் கூலியில்லாமல் வந்து நிற்பார்கள். மதியம் மந்தைக்காரன் விருந்து வைப்பான். அவரவர் கத்தியால்தான் அவரவர் சாப்பாடு. ஆனால் மந்தைக்காரன் முதலில் எழுந்து, தன் கத்தியை மார்புக்கு நேராகப் பிடித்து, எல்லாரும் பார்க்க இரண்டு கையாலும் திறந்து, முதல் துண்டை வெட்டி வைக்கும்வரை ஒருவர் பையிலிருந்தும் கத்தி வெளியே வராது. திறந்த கத்தியோடு மேசைக்கு வருவது சண்டைக்கு வருவது. ஒரு கையால் திறப்பது அதைவிட ஒரு படிதான் கீழே. இரண்டு கையும் தெரிந்தால் விருந்து. ஒரு கை மட்டும் தெரிந்தால், இன்னொரு கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் குனிவார்கள். குனிந்து பார்க்காத காரணத்தால் இந்த ஊரில் சில குடும்பங்களே இல்லாமல் போயிருக்கின்றன.

பாகீசியோ புதன்கிழமை முழுக்க யோசித்தார். பழைய கத்தியை எடுத்தால் நொண்டிக்கை தெரியும். புதுக் கத்தியை எடுத்தால் ரௌடி என்று பெயர் வரும். ரௌடியின் ஆடுகளை யாரும் "இந்த ஒரு வருஷத்துக்கு" என்று ஓட்டிக்கொண்டு போனதாகச் சரித்திரம் இல்லை. முடிவு சுலபமாக வந்தது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பட்டிக்குப் பின்னால் ஒத்திகை. டக். டக். டக். முதலில் ஆடுகள் மிரண்டன. பிறகு மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. பிறகு பார்ப்பதையும் நிறுத்தின. வெள்ளி மாலைக்குள் அறுநூறு தடவை ஆகியிருக்கும். வலது கட்டைவிரலில் கொப்புளம் வந்து, நல்ல கையும் கெட்டுவிடுமோ என்று புதுச் சந்தேகமும் வந்தது. ஆனால் திறப்பதில் ஒரு அலட்சியம் சேர்ந்திருந்தது. பிறந்ததிலிருந்தே ரௌடியாக இருந்தவனின் அலட்சியம்.

சனிக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். கொசிமு முதல் ஆளாக வந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டான். அதுவும் பாகீசியோவின் கண்ணில் பட்டது: என் ஆடுகளை இப்போதே தொட்டுப் பழகுகிறான். அவர் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சொல்லி ஒயின் ஊற்றும் வேலையை எடுத்துக்கொண்டார். வலது கையால் ஊற்றினார். இடது கை பையில் ஓய்வெடுத்தது. பத்து மணி பஸ்ஸில் பொனாரியா வந்து, அப்பாவைக் கட்டிக்கொண்டு, "கத்தி எப்படிப்பா?" என்று கேட்டாள். "வெட்டுது" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாக்குமூலம் கொடுக்கவில்லை.

ஓக் மரத்தடியில் நீள மேசை. காகிதம்போல் மெல்லிய ரொட்டி அடுக்கடுக்காக. வேகவைத்த உருளைக்கிழங்கு. நடுவில், தக்கைப் பட்டையில் குடைந்த பெரிய தட்டில், ஆவி பறக்க முழு ஆட்டுத் தோள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். பேச்சு அடங்கியது. பாகீசியோ எழுந்தார்.

டக்.

ஒரு ரொட்டி யார் கையிலோ உடைந்த சத்தம் கேட்டது.

"என்னப்பா இது," என்றார் மேசையின் கோடியிலிருந்த ஆன்தியோகு. "நாங்க சாப்பிட வந்தமா, இல்ல கைய மேல தூக்கணுமா?"

"மகள் குடுத்தது. நகரத்துல இப்ப எல்லாம் இதான்."

"நகரத்துல எல்லாரும் ஒத்தக் கையிலயா திங்கறான்?"

"இன்னொரு கையில போன் வச்சிருப்பான்," என்றான் கொசிமு. பதினொரு பேரும் சிரித்தார்கள். பாகீசியோவும் சிரித்தார். ரௌடிப் பட்டம் கிடைத்துவிட்டது, மந்தை பிழைத்தது. ரௌடிக்குரிய நிதானத்தோடு குனிந்து, கத்தியைக் கறியில் வைத்து இழுத்தார்.

கறி நகர்ந்தது.

இன்னொரு தடவை அழுத்தி இழுத்தார். தோள் கொழுப்பில் வழுக்கி, தக்கைத் தட்டின் விளிம்பைத் தாண்டி மேசையில் இறங்கியது. பாகீசியோ கத்தியோடு பின்தொடர்ந்தார். அது உருளைக்கிழங்குகளை ஒதுக்கிக்கொண்டு, ரொட்டி அடுக்கைச் சுற்றி வளைந்து ஓடியது; உயிரோடிருந்த காலத்தில்கூட அது இவ்வளவு தூரம் ஒரே மூச்சில் போயிருக்காது. கத்தியைத் திறக்க ஒரு கை போதும். வெட்டுவதற்குக் கறியை ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அறுநூறு ஒத்திகையில் ஒன்றுக்குக்கூட அவர் கறியைக் கூப்பிடவில்லை.

தோள் கொசிமுவின் முன்னால் போய் நின்றது. கொசிமு அப்போது பக்கத்தில் இருந்தவனிடம் ஒரு கிணற்று மோட்டாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். பேச்சை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு விரலை நீட்டி எலும்பை அழுத்திப் பிடித்துக்கொண்டான். கதவு ஆடினால் போகிறபோக்கில் பிடிப்பது மாதிரி.

"ம், வெட்டுங்க மச்சான்," என்று சொல்லிவிட்டு மோட்டாருக்குத் திரும்பினான்.

பாகீசியோ வெட்டவில்லை. மேசையைச் சுற்றிப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. ஒருவன் மரத்தைப் பார்த்தான். ஒருவன் ரொட்டியைத் திருப்பி அதன் மறுபக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"எது மச்சான்?"

"கொசிமு."

கொசிமு மோட்டாரைக் கைவிட்டான். "மார்ச்சுல. பட்டிக் கதவ தோளால தள்ளுனீங்க."

"எனக்கு அதுக்கும் முன்னாடியே," என்றார் ஆன்தியோகு. "கிளாஸ எடங்கையில எடுக்கறவன் நீ. திடீர்னு வலங்கைக்கு மாறுனா, ஒண்ணு கை போயிருக்கணும், இல்ல கட்சி மாறியிருக்கணும்."

ஒரு மலைக்கு அந்தப் பக்கம் நொண்டுகிற ஆட்டை இந்தப் பக்கமிருந்து கண்டுபிடிக்கிறவர்கள் இவர்கள். அவரும் அப்படிக் கண்டுபிடிக்கிறவர்தான். மூன்று மாதமாக இது எப்படி அவருக்குத் தோன்றாமல் போனது?

"எனக்கு அன்னிக்குக் காலையிலயே," என்றாள் மிந்தோனியா, அடுத்த தட்டைக் கொண்டுவந்து வைத்தபடி. "சட்டைப் பட்டன் போட முடியாம, கடைக்காரன் ஓட்டையச் சின்னதா வெட்டிட்டான்னு அவன் அம்மா வரைக்கும் திட்டுனீங்களே."

"தூக்கம் வரலன்னியே?"

"தூக்கமெல்லாம் நல்லாத்தான் வருது. அஞ்சு மணிக்குத் தொண்ணூறு ஆடும்ல வருது."

"யாரும் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க சொல்லலையே," என்றான் கொசிமு. அந்த ஊரில் அது போதுமான பதில்.

"என்ன சொல்லல?" ரொட்டித் தட்டோடு நின்றிருந்த பொனாரியா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். "எல்லாரும் என்ன பேசறீங்க? அப்பா, கையில என்ன?"

தட்டைப் போட்டுவிட்டு வந்து அவர் இடது கையைப் பையிலிருந்து அவளே எடுத்தாள். விரல்களை விரித்துப் பார்த்தாள். விட்டதும் அவை மடங்கிக்கொண்டன. அவள் முகம் வெளுத்துப்போனது. அவ்வளவு பெரிய மேசையில் அதுவரை விஷயம் தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

"அப்ப நீ கத்தி அனுப்புனது?"

"தள்ளுபடின்னு சொன்னேனேப்பா! ரெண்டு வாங்குனா ஒண்ணோட வெலதான். இன்னொண்ணு..." என்று நிறுத்திக்கொண்டாள்.

"இன்னொண்ணு யாருக்கு?"

"மொதல்ல கைக்கு வாங்க. திங்கக்கெழம நுவோரோ பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்."

பாகீசியோ அந்த இன்னொரு கத்தியைத் தனியாக ஞாபகத்தில் வைத்துக்கொண்டார். இப்போது அதைவிடப் பெரிய கணக்கு இருந்தது. இடது கையை மேசைமேல், கறிக்குப் பக்கத்தில் வைத்தார். பதினொரு பேரும் அதைப் பார்த்தார்கள், கடைசியில் பார்க்க அனுமதி கிடைத்தவர்கள் மாதிரி.

"சரி, ஓட்டிட்டுப் போ," என்றார் கொசிமுவிடம்.

"எதை?"

"ஆட்டை. அதானே? இந்த ஒரு வருஷத்துக்கு."

ஆன்தியோகு தன் கிளாஸைக் கீழே வைத்தார். "குடுக்காத," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. "பாகீசியோ, அந்த வார்த்தைய வச்சுக் கேட்டா யாருக்கும் குடுக்காத."

"யாருய்யா கேட்டா?" கொசிமுவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. எலும்பை விட்டுவிட்டான். "எங்கிட்ட இருக்கற அறுவதுக்கே எனக்குக் குனிய முடியல. ஒங்க தொண்ணூற வச்சு என்ன பண்ணுவேன், பாட்டு சொல்லிக் குடுப்பனா?"

"மார்ச்சுல கேட்டியே."

"கேட்டேன். ஒங்க பட்டியில வந்து நான் உக்காந்து கறந்தா ரோட்டுல போறவன் பாப்பான். பாகீசியோவுக்குக் கை போச்சும்பான். எங்க பட்டிக்கு வந்தா யாருக்குத் தெரியும்? அதுக்குத்தான் கேட்டேன். நீங்க என்னைத் திருடன் மாதிரி ஏற எறங்கப் பாத்தீங்க. வந்துட்டேன்."

பாகீசியோ இதை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை. ஓட்டை இல்லாததும் ஒரு மாதிரி உறுத்தலாகத்தான் இருந்தது.

"ஆடு என் பட்டிய விட்டு நகராது," என்றார்.

"நகர வேணாம்."

"நீதான் வரணும்."

"வர்றேன். சாயங்காலம் சாயங்காலம் வர்றேன். காலையில அக்கா இருக்கு."

"ரோட்டுல போறவன் பாப்பான்."

"அவங்க எல்லாரும் இங்கதான் உக்காந்து திங்கக் காத்திருக்காங்க," என்றாள் மிந்தோனியா. "கறி ஆறுது. வெட்டுங்க."

கொசிமு மறுபடி எலும்பைப் பிடித்தான். பாகீசியோ முதல் துண்டை வெட்டி ஆன்தியோகுவின் ரொட்டியில் வைத்தார். கத்தி நன்றாகவே வெட்டியது. அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அப்புறம் பதினொரு பைகளிலிருந்தும் கத்திகள் வெளியே வந்தன.

மாலை நான்கு மணிக்கு, ரோமம் போய்ப் பாதியாக இளைத்த ஆடுகள் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் முகர்ந்துகொண்டிருந்தபோது, கொசிமு வாளியோடு பட்டி வாசலில் உட்கார்ந்தான். பாகீசியோ ஆட்டின் தலைப்பக்கம் நின்றார். உதவிக்கு என்று சொன்னார். மூன்றாவது ஆடு வாளியை உதைத்தது.

"அதை அப்படிப் பிடிக்காத. அதுக்கு எடப் பக்கம் உக்காந்தாத்தான் சரிப்படும்."

"மொதல்லயே சொல்றதுக்கென்ன மச்சான்?"

"நீ கேக்கல."

கொசிமு இடப் பக்கம் மாறி உட்கார்ந்தான். பாகீசியோ வலது கையால் ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். பால் வாளியில் சீராக விழத் தொடங்கியது. மூன்று மாதமாக அவர் கறந்ததைவிட வேகம். அவர் கொசிமுவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் வருவியா?"

"வருவேன்."

"எத்தன நாளைக்கு?"

"அந்த டாக்டர் சொல்ற வரைக்கும்."

"எந்த டாக்டர்? ஒனக்குத் தெரிஞ்சவனா?"

கொசிமு ஆட்டின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பால் கொஞ்சம் வெளியே தெறித்தது. பாகீசியோ சிரிக்கவில்லை, கேள்வி கேட்டால் பதில் வரவேண்டும். கறந்து முடித்த ஆட்டை விட்டார். அடுத்ததைப் பிடித்து, காதைத் திருப்பி, அதில் வெட்டியிருந்த மந்தை அடையாளத்தைப் பார்த்தார். தன் அடையாளம்தான். இழுத்துவந்து கொசிமுவின் முன்னால் நிறுத்தினார், இடப் பக்கமாக.